கார் என்ஜின் சூடேறுவதும் ஃபேன் கோளாறுகளும்

பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடுகிறது. மீதியை என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். இது எவ்வளவு பெரிய சுமை என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது கூலன்ட்டுக்கு வந்து சேரும் வெப்பம், 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். சிறிய காரில் இருக்கும் கூலன்ட்டோ 4 முதல் 6 லிட்டர். அந்தக் கொஞ்சம் கூலன்ட் ஓயாமல் சுற்றிவந்து சூட்டை இறக்கிக்கொண்டே இருந்தால்தான் என்ஜின் 90 டிகிரியை ஒட்டி நிற்கும். சுற்று தடைப்பட்டாலோ, காற்று குறைந்தாலோ மீட்டர் முள் ஏறத் தொடங்கிவிடும்.

புதுச்சேரியில் இந்தக் கோளாறு பெரும்பாலும் ஒரே விதமாகத் தலைகாட்டுகிறது. வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்படும் கார் 150 கிலோமீட்டரையும் ஒரு குறையுமின்றிக் கடந்துவிடுகிறது. காலாப்பட்டைத் தாண்டி ஊருக்குள் நுழைந்து, ராஜீவ் காந்தி சிக்னல் வரிசையில் நின்று நின்று நகரும்போது முள் மேலே போகிறது. ஞாயிறு சந்தை நாளில் காந்தி வீதியைச் சுற்றியும், வண்டி நிறுத்த இடம் தேடி மிஷன் வீதி, நேரு வீதி என்று ஊரும்போதும் இதே கதைதான். "தொலைதூரம் ஓடிவந்ததால் என்ஜின் சூடாகிவிட்டது" என்று ஓட்டுபவர் நினைத்துக்கொள்கிறார். அது சரியல்ல. தூரம் காரணமாக இருந்திருந்தால் மரக்காணத்திலேயே முள் ஏறியிருக்கும்.

சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஃபேனுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரும் தன் சூட்டை அதே காற்றில் கொட்டுகிறது. மே மாத மதியத்தில் தார்ச்சாலையை ஒட்டிய காற்று, வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலையைவிடக் கூடுதல் சூட்டில் இருக்கும். இந்த நிலையில் ஃபேன் ஓடாவிட்டால், நின்ற இடத்தில் சும்மா ஓடும் என்ஜின்கூடப் பத்து நிமிடத்துக்குள் அபாயக் கோட்டைத் தொடக்கூடும். ஃபேன் ஒரு மாதத்துக்கு முன்பே கெட்டிருக்கலாம். நெடுஞ்சாலையில் அது தேவைப்படாததால் தெரியாமல் இருந்திருக்கும்.

ஆகவே சூடேறும் வண்டியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எப்போது ஏறுகிறது?" என்பதுதான். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன், அல்லது ஃபேனுக்குக் காற்று வரும் வழி. ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு, ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் சாலையில் வேகமெடுக்கும்போது ஏறினால், ஃபேனைத் தொட்டுப் பயனில்லை. அங்கே காற்று தாராளம், கூலன்ட்டின் ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் வால்வு அரைகுறையாகத் திறக்கலாம், கீழ் ஹோஸ் உள்ளிழுக்கப்பட்டுச் சப்பையாகலாம். கிளப்பிய ஐந்து நிமிடத்துக்குள் ஏறினால், வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டது, அல்லது உள்ளே கூலன்ட்டே இல்லை. ஒழுங்கு எதுவுமின்றி ஒருநாள் ஏறி, ஒருநாள் ஏறாமல் இருந்தால் வயர் இணைப்பையும் ரிலேயையும் சந்தேகிக்க வேண்டும். இந்த நான்கையும் பிரித்துக்கொள்ளாமல் பாகங்களை மாற்றத் தொடங்கும் பட்டறையில் வாடிக்கையாளருக்குச் செலவு கூடும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி கொள்ளக் கூடாது. சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைச் சொல்லும். கூலன்ட் முழுவதும் வெளியேறி, சென்சார் வெறும் ஆவியில் நிற்கும்போது முள் இறங்குவதுண்டு. அந்தக் கணத்தில் என்ஜின் உள்ளே கருகிக்கொண்டிருக்கும்.

மின்சார ஃபேன் இந்திய வீதிகளுக்குப் பரவலாக வந்தது மாருதி 800 மூலம்தான் என்று சொல்லலாம். 2014 வரை தயாரான அம்பாசடரில் என்ஜின் நீளவாக்கில் நின்றது; வாட்டர் பம்ப் புல்லியோடு பிணைந்த ஃபேனைப் பெல்ட் சுற்றியது. என்ஜின் ஓடும் மட்டும் ஃபேனும் ஓடும். பெல்ட் அறுந்தால் ஃபேனும் பம்பும் நிற்கும். அங்கே கணிப்பு எளிது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ல் என்ஜின் குறுக்குவாக்கில் படுத்திருந்தது. அதன் பெல்ட் பக்கம் வண்டியின் ஓரத்தைப் பார்க்க, ரேடியேட்டரோ முன்னால் இருந்தது. பெல்ட்டால் ஃபேனைச் சுற்ற வழியில்லாததால் தனி மோட்டார் வந்தது. தேவைப்படும்போது மட்டும் ஓடுவதால் எரிபொருள் மிச்சம், சத்தமும் குறைவு. ஆனால் பெல்ட் ஒன்று இருந்த இடத்தில் இப்போது ஃபியூஸ், ரிலே, சென்சார், வயர், எர்த், மோட்டார், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. என்று ஒரு சங்கிலியே வந்துவிட்டது. அதில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் வெளியே தெரியும் குறி ஒன்றேதான்: ஃபேன் ஓடவில்லை.

சங்கிலி வேலை செய்யும் முறை இது. கூலன்ட் சென்சார் சூட்டுக்கேற்பத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் பொருளால் ஆனது. அறைச் சூட்டில் 2,000 ஓமை ஒட்டி நிற்பது, 100 டிகிரியில் 200 ஓமுக்கு அருகே இறங்கிவிடும். துல்லியமான அளவு வண்டிக்கு வண்டி மாறும். அந்த அளவைப் பார்த்து ஈ.சி.யூ., 95 முதல் 100 டிகிரிக்குள் ரிலேக்கு உத்தரவு கொடுக்கிறது. ரிலேயின் சிறு காயில் உயிர்பெற்று, பேட்டரியின் பெரிய மின்னோட்டத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. சூடு 90-ஐ நெருங்கி இறங்கியதும் ஃபேன் நிற்கிறது. இரண்டு வேகம் உள்ள வண்டிகளில், குறைந்த வேகத்துக்கு மோட்டாரின் வழியில் ஒரு ரெசிஸ்டர் குறுக்கே நிற்கும், அல்லது இரண்டு ஃபேன்களை மாற்றி இணைக்கும் ரிலேக்கள் இருக்கும். ஏ.சி.யைப் போட்டால், கூலன்ட் சூடு எப்படியிருந்தாலும், பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓடும்.

கடைசியாகச் சொன்னதுதான் மிகச் சுலபமான சோதனை. என்ஜினைக் கிளப்பி ஏ.சி.யைப் போட்டுவிட்டு, முன்னால் வந்து ஃபேனைப் பார்க்க வேண்டும். ஓடினால் மோட்டார், எர்த், பெரிய ஃபியூஸ் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. சந்தேகம் சென்சார் பக்கம் நகர்கிறது. ஓடாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். ஏ.சி. காஸே குறைந்துபோன வண்டியில் இந்தச் சோதனை பலிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அழுத்தம் இல்லாவிட்டால் கம்ப்ரசரும் ஃபேனும் சேர்ந்தே மௌனமாகிவிடும்.

முள் ஏறுவதற்கு வாரக்கணக்கில் முன்பே ஏ.சி. ஓர் எச்சரிக்கை கொடுத்திருக்கும். சிக்னலில் நிற்கும்போது குளிர்ச்சி குறைந்து, நகர்ந்ததும் திரும்பி வந்தால், ஃபேன் ஓடவில்லை அல்லது தளர்ந்து ஓடுகிறது. காஸ் குறைந்துவிட்டது என்று எண்ணி காஸ் நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். அந்தச் செலவு வீண். அடுத்த கோடையில் என்ஜினே பழி வாங்கும்.

ஏ.சி. போட்டும் ஓடாத ஃபேனில், என்ஜினை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டாலும் சில வண்டிகளில் ஃபேன் தானாகக் கிளம்பும். விரல் போய்விடும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கையைத் தவிர்க்கவே கூடாது. இறக்கை லேசாகச் சுற்ற வேண்டும். கரகரத்தாலோ, இறுகி நின்றாலோ பேரிங் போய்விட்டது. அப்படிப்பட்ட மோட்டார் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து ஃபியூஸை எரிக்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸோ செப்புக் கம்பியோ செருகுவது வயரிங்கிற்கே தீ வைப்பதாகும். ஃபியூஸ் எரிந்தது காரணமல்ல, அது சாட்சி.

லேசாகச் சுற்றினால், மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, தனி வயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுக்கலாம். ஓடாவிட்டால் மோட்டார் செத்தது. பெரும்பாலும் உள்ளே கார்பன் தேய்ந்து முடிந்திருக்கும். தட்டினால் ஓடுகிற மோட்டாரும் கார்பன் முடிந்த மோட்டார்தான். நேர் மின்சாரத்தில் நன்றாக ஓடினால் மோட்டாரை விட்டுவிட்டு, ஃபியூஸ் பெட்டிக்கு வர வேண்டும். அங்கே ஃபேன் ரிலேயின் இடத்தில், அதே வகை ஹாரன் ரிலேயைச் செருகிப் பார்ப்பது பட்டறைகளின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ரிலே மாறியதும் ஃபேன் ஓடினால் விஷயம் முடிந்தது.

ரிலேயும் நன்றாயிருந்தால் சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு இக்னிஷனைப் போட வேண்டும். சென்சாரிடமிருந்து செய்தி வராவிட்டால், என்ஜினைக் காப்பதற்காகப் பல வண்டிகளின் ஈ.சி.யூ. ஃபேனை ஓடவிட்டுவிடும். இப்படி ஓடினால் உத்தரவு, ரிலே, வயர், மோட்டார் எல்லாம் சரி. பொய் சொல்வது சென்சார். ஸ்கேனர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். காலையில் முழுதும் ஆறிய என்ஜினில் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 28 டிகிரிக் காலையில் கூலன்ட் சென்சார் 10 டிகிரி என்று சொன்னால், 100 டிகிரி வரும்போதும் அது குறைத்தே சொல்லும், ஃபேன் தாமதமாகவே கிளம்பும். பி 0480 என்ற குறியீடு ஃபேனின் கட்டுப்பாட்டுச் சுற்றையும், பி 0117, பி 0118 இரண்டும் சென்சாரின் சுற்றையும் குறிக்கும். குறியீடு சொல்வது எந்தச் சுற்றில் குறை என்பதை மட்டுமே. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. பழைய கார்பரேட்டர் வண்டிகளில் சில, ரேடியேட்டர் தொட்டியிலேயே பொருத்திய தெர்மோ சுவிட்சால் ஃபேனை ஓட்டின. தெர்மோஸ்டாட் வால்வு மூடிச் சிக்கினால் என்ஜின் கொதிக்கும், ரேடியேட்டருக்குச் சூடே வராது, சுவிட்ச் மூடாது, ஃபேன் ஓடாது. "ஃபேன் ஓடவில்லை, அதனால் கொதித்தது" என்று தோன்றும். உண்மையில் ஃபேனுக்கு ஒரு குறையும் இல்லை. மேல் ஹோஸின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும்: என்ஜின் கொதிக்க, ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் குற்றவாளி வால்வு.

கடலோர ஊருக்கென்றே ஒரு நோய் இருக்கிறது. உப்புக்காற்று பிளக்குக்குள் நுழைந்து செப்பை அரிக்கிறது. ஃபேன் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், ஊசிகளைச் சுற்றி நீலமும் பச்சையும் கலந்த மாவு படிந்திருக்கும். ஒரு ஊசியின் அருகே வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகி, ஊசியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பழுப்பு நிறத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 12 ஆம்பியர் ஓடும் இடத்தில் அரிப்பினால் 0.1 ஓம் தடை மட்டும் ஏற்பட்டாலும், அங்கே 1.2 வோல்ட் காணாமல்போகும். 14 வாட் வெப்பம் அந்த ஊசியிலேயே பிறக்கும். ஃபேன் ஓடும், ஆனால் மெதுவாக ஓடும். பார்ப்பவர் "ஃபேன் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். இதைக் கண்டுபிடிக்க ஓம் மீட்டர் போதாது. ஃபேன் ஓடும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் வயரிலும், மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைக்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. பாசிட்டிவ் பக்கமும் இப்படியே பார்க்க வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினால் தீர்கிற கோளாறுக்குப் புது மோட்டார் வாங்கியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

மாற்றிய மோட்டாரில் வயர் மாறிப்போனால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். நிற்கும்போது ஓரளவு குளிரும், ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் போதும். அது ரேடியேட்டரை நோக்கி இழுபட வேண்டும். லேசாக மட்டும் இழுபட்டால் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே குப்பை அடைந்திருக்கிறது, அல்லது ஃபேனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூடு உடைந்திருக்கிறது. அந்தக் கூடு இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

ஃபேன் சரியென்று தீர்ந்த பிறகே தண்ணீர்ப் பக்கம் வர வேண்டும். கூலன்ட் அளவு முதலாவது. குறைந்திருந்தால் எங்கே போயிற்று என்று தேட வேண்டும்; மூடிய சுற்றில் கூலன்ட் தானாகக் குறையாது. ரேடியேட்டர் மூடி பலரும் கவனிக்காத பாகம். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்ற எண் பொறித்திருக்கும். அது எவ்வளவு அழுத்தம் வரை பிடித்துவைக்கும் என்பதற்கான அளவு. 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் இறுகிக் கசிந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து, கூலன்ட் பாட்டிலுக்குப் பொங்கிவிடும். ஆறியதும் பாட்டிலிலிருந்து திரும்ப உறிஞ்சவும் அதே மூடியின் நடுவில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. அது அடைத்தால் மேல் ஹோஸ் காலையில் சப்பையாகக் கிடக்கும். சில நூறு ரூபாய் மூடியைச் சந்தேகிக்காமல் ரேடியேட்டரை மாற்றுவது பெரும் அநியாயம்.

தெர்மோஸ்டாட் வால்வை அடுப்படியிலேயே சோதிக்கலாம். பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடேற்ற வேண்டும். வால்வின் மேல் பொறித்த 82 அல்லது 88 டிகிரியில் வாய் பிளக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். "நம் ஊர் வெயிலுக்கு வால்வு எதற்கு" என்று கழற்றி எறியும் பழக்கம் தமிழ்நாடு முழுவதும் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. வால்வு இல்லாத என்ஜின் நெடுஞ்சாலையில் வேண்டிய சூட்டை எட்டாது, ஈ.சி.யூ. கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆயிலில் ஈரமும் கசடும் சேரும். சில என்ஜின்களில் வால்வு திறக்கும்போதே பக்கவழியையும் அடைக்கும். அங்கே வால்வைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

புதுச்சேரியின் நிலத்தடி நீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோர நீர்ப்படுகையில் உப்புநீர் ஊடுருவியிருக்கிறது. கடற்கரையை ஒட்டிய பகுதிக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பதற்காகத்தான் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னம். குடிக்க ஆகாத போர் தண்ணீரை ரேடியேட்டருக்குள் ஊற்றுவது மட்டும் எப்படி ஆகும்? கடினநீரின் சுண்ணாம்பு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து, நீரோட்டத்தையும் வெப்பம் கடப்பதையும் ஒன்றாகத் தடுக்கிறது. குளோரைடு உப்பு அலுமினியத்தை ஊசித்துளைகளாக அரிக்கிறது. ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, என்ஜின் சூடாக இருக்கும்போது இன்ஃப்ராரெட் வெப்பமானியை அதன் முகத்தில் வரிசையாக ஓட்டிப் பார்க்கலாம். நடுவே திட்டாகக் குளிர்ந்த இடம் தென்பட்டால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். கறுப்பு ஹோஸிலோ கறுப்புப் பூச்சிலோ பார்த்தால்தான் நம்பலாம்.

தண்ணீர் உறையாத ஊருக்குக் கூலன்ட் தேவையில்லை என்ற எண்ணத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சூட்டைச் சுமக்கும் திறனில் வெறும் தண்ணீரே எத்திலீன் கிளைக்கால் கலவையைவிட உயர்ந்தது. ஆனால் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 1 பார் மூடியின் கீழ் 130 டிகிரியை நெருங்கும் வரை கொதிக்காது. அதைவிட முக்கியம், அதில் சேர்ந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். அவை சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். நிறம் அப்படியே இருந்தாலும் வேலை செய்யாது. கம்பெனி கையேடு சொல்லும் காலத்தில், சொல்லும் வகையை, கனிமம் நீக்கிய தண்ணீரோடு கலந்து ஊற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் இரண்டு நிறங்களைக் கலப்பது கூடாது. பழைய கூலன்ட்டைக் கழிவுநீர் வாய்க்காலில் விடுவதும் கூடாது. இனிப்புச் சுவையுள்ள அது நாய்க்கும் பூனைக்கும் குழந்தைக்கும் கொல்லும் நஞ்சு. ஊரின் பெரிய வாய்க்காலில் விழுவது கடலுக்குத்தான் போகிறது.

இவ்வளவையும் அலட்சியம் செய்து தொடர்ந்து ஓட்டினால் முடிவு ஹெட் கேஸ்கெட்டில் நிற்கும். ஹெட்டின் அலுமினியம், பிளாக்கின் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். சூடு மிஞ்சும்போது ஹெட் வளைகிறது. பல பெட்ரோல் என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்தாலே ஃபேசிங் போட்டு, அதாவது முகத்தைச் சீவி, சமமாக்க வேண்டும். கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள்: வெளியே கசிவின்றிக் கூலன்ட் குறைவது, சூடான பிறகும் சைலன்சரில் தடித்த வெண்புகை, ஆயில் பாலேடு நிறத்துக்கு மாறுவது, ஆறிய என்ஜினைக் கிளப்பிய உடனே ரேடியேட்டர் வாயில் குமிழிகள். சந்தேகம் தீர, ரேடியேட்டர் வாயின் ஆவியை நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாகும். சிலர் மூடிக் குறையால் வந்த பொங்கலைப் பார்த்தே "ஹெட் போச்சு" என்று சொல்லிவிடுவதால், இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்யவைப்பது நல்லது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து அசையாமல் நின்றபோது, ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. வெள்ளத்தில் நின்ற காரில் என்ஜினுக்குள் தண்ணீர் போயிற்றா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஃபேன் மோட்டார், என்ஜின் காற்று இழுக்கும் வாயைவிடத் தாழ்வாக இருக்கிறது. அதன் பேரிங்குக்குள் போகும் சேறு அன்றைக்குத் தெரியாது, கோடையில்தான் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு பேட்டரியைக் கழற்றி, ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்து, பிளக்குகளை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி, கண்டன்சருக்குப் பின்னாலுள்ள சேற்றைக் குறைந்த அழுத்தத் தண்ணீரால் பின்பக்கமிருந்து கழுவ வேண்டும். தேங்கிய தண்ணீரைக் கடக்க நேர்ந்தால் முதலில் ஏ.சி.யை அணைக்க வேண்டும். சுற்றும் இறக்கை தண்ணீரில் அடிபட்டு வளைந்தால் ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதும் திறந்து, முடிந்த வேகத்தில் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். உள்ளே இருப்பவர்களுக்கு வேதனையாக இருந்தாலும் என்ஜினுக்கு அது உதவி. மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடவே கூடாது. 120 டிகிரியில் அழுத்தத்தின் கீழ் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் 60 லிட்டர் அளவு ஆவியைக் கக்கும். முகமும் கையும் வெந்துபோவது அதனால்தான். கொதிக்கும் என்ஜினின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழக்கூடும்.

சென்சாரையும் ரிலேயையும் ஒதுக்கிவிட்டு, சாவியைத் திருகியதும் ஃபேன் ஓடும்படி "டைரக்ட்" கொடுத்துவிடுவது அவசரத்துக்கு உதவும். வழியில் நின்ற குடும்பத்தை வீடு சேர்க்க அதைச் செய்யும் மெக்கானிக் நல்லதே செய்கிறார். அதையே நிரந்தரமாக விட்டுவிட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும். அது நிற்கும் நாளில் எச்சரிக்க எதுவும் இருக்காது.

பழுது பார்த்த பிறகு கணிப்பு சரியா என்பதை வண்டியே சொல்ல வேண்டும். காற்று வெளியேறும்படி கூலன்ட்டை நிரப்பி, ஏ.சி. இல்லாமல் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, கீழ் ஹோஸ் சூடாவதையும், ஃபேன் தானாகக் கிளம்பி, தானாக நின்று, மறுபடி கிளம்புவதையும் பார்க்க வேண்டும். மறுநாள் காலை ஆறிய என்ஜினில் பாட்டிலின் அளவு இறங்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பட்டறையில் இதற்குக் கால் மணி நேரம் கூடுதலாகும். வண்டிக்காரர்கள் அவசரப்படுத்தாமல் அந்தக் கால் மணி நேரம் நின்று, ஃபேன் இரண்டாம் முறை தானாக ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுக்க வேண்டும்.